துலாக்கோலை நிறுக்கும் பொன்

பொருளை அளக்க ஒரு கருவியைக் கைக்கொள்கிறோம். அந்தக் கருவி சரியாகத்தான் அளக்கிறது என்பதற்கு எது சாட்சி? வேறொரு கருவி என்றால், அந்த இரண்டாவதற்கு மூன்றாவது ஒன்று சாட்சியாக வரவேண்டும், மூன்றாவதற்கு நான்காவது, இவ்வாறு நிற்க இடமில்லாமல் ஓடும் குற்றத்துக்குத் தர்க்க சாஸ்திரிகள் அனவஸ்தை என்று பெயரிட்டார்கள். சாட்சியே வேண்டாம், கருவி தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும் என்றாலோ, அந்தச் சலுகையைப் பொருளுக்கே கொடுத்துவிடலாமே, இடையில் அறியும் கருவியாகப் பிரமாணம் என்று ஒன்று எதற்கு என்ற கேள்வி எழுகிறது. பௌத்த ஆசாரியராகிய நாகார்ஜுனர் விக்கிரகவியாவர்த்தனி என்னும் சிறு நூலில் பிரமாணவாதிகளை இந்த இரு முனைகளுக்கும் நடுவே நிறுத்தினார். கௌதமரின் நியாய சூத்திரமும் இதே வகையான ஆட்சேபத்தை இரண்டாம் அத்தியாயத்தில் எடுத்துக்கொண்டு விடை கூறுகிறது. அந்த விடையில் உதாரணமாக வருவது துலாக்கோல். துலாக்கோலால் பொன்னை நிறுக்கும்போது கோல் பிரமாணம், அளக்கப்படும் பொன் பிரமேயம். எடை தெரிந்த அந்தப் பொன்னைக்கொண்டு இன்னொரு துலாக்கோலைச் சோதிக்கும்போது பொன் பிரமாணமாகிறது, கோல் பிரமேயமாகிறது என்று வாத்ஸ்யாயனர் தம் பாஷ்யத்தில் அதை விளக்குகிறார். ஒன்று பிரமாணமாக இருப்பது அதன் பிறவிக் குணமன்று, அந்த வேளையில் அது ஆற்றும் தொழில் என்பது அவர் கருத்து.

இது வாதத்தில் வெல்வதற்காகச் சொன்ன சாதுரியமா, அல்லது உலகத்தில் அறிவு நடைபெறும் முறையையே கண்டு சொன்னதா என்று தெளிவதற்கு, இக்காலத்து வயல் வேலை ஒன்றை உற்றுப் பார்ப்பது பெரிதும் உதவும் என்பது என் எண்ணம். கோவையைச் சூழ்ந்த கரிசல் பூமியில் சொட்டுநீர்ப் பாசனம் செய்கிறவர்களில் சிலர், வேர் பரவியிருக்கும் ஆழத்தில் மண்ணின் ஈரத்தை அறிவிக்கும் சென்சார் ஒன்றைப் புதைத்து, அது காட்டும் எண்ணைப் பார்த்துத் தண்ணீரைத் திறக்கவும் அடைக்கவும் செய்கிறார்கள். அந்தச் சென்சாரை அந்த மண்ணுக்கு ஏற்ப அளவுத்திருத்தம் செய்யவேண்டியிருக்கிறது. தத்துவ சாஸ்திரத்தின் மிகப் பழைய வழக்கு ஒன்று அங்கே மண்வெட்டியையும் தராசையும் வைத்துக்கொண்டு மறுபடி விசாரிக்கப்படுகிறது.

முதலில் அறிய வேண்டுவது, சென்சார் நீரைக் காண்பதே இல்லை என்பது. இரண்டு உலோகக் கம்பிகளுக்கு இடையே உள்ள மண் மின்புலத்துக்கு எவ்வளவு இசைந்து கொடுக்கிறது என்பதைத்தான் அது காண்கிறது. அந்த இசைவைக் குறிக்கும் எண் காற்றுக்கு 1. மண்ணிலுள்ள தாதுத் துகள்களுக்குப் பெரும்பாலும் 3 முதல் 5 வரை. நீருக்கோ ஏறக்குறைய 80. ஆகவே மண்ணின் மொத்த எண் உயர்ந்தால் அங்கே நீர் மிகுந்திருக்க வேண்டும் என்று கொள்வது அநுமானம். புகையைக் கண்டு மலையில் நெருப்பு உண்டு என்று துணியும் தார்க்கிகனின் அநுமானத்துக்கும் இதற்கும் அமைப்பில் வேற்றுமை இல்லை. 1980-இல் கனடாவில் டாப், டேவிஸ், அன்னான் என்னும் மூவர் அந்த எண்ணுக்கும் நீரின் அளவுக்கும் உள்ள தொடர்பை ஒரு சமன்பாடாக வகுத்தார்கள். அது பலவகைத் தாது மண்களுக்குப் பொதுவாகப் பொருந்தியதால், இந்த அநுமானத்துக்கு வேண்டிய வியாப்தி, அதாவது இரண்டுக்கும் உள்ள மாறாத தொடர்பு, கிடைத்துவிட்டது என்றே கொள்ள இடமிருந்தது.

ஆனால் வியாப்திக்குள் ஒளிந்திருந்து அதைக் கெடுக்கும் நிபந்தனை ஒன்று உண்டு. அதை நியாய நூலாராகிய நையாயிகர்கள் உபாதி என்பார்கள். நெருப்புள்ள இடமெல்லாம் புகை உண்டு என்று ஒருவன் சொன்னால், ஈர விறகு என்னும் உபாதியை அவன் மறந்தவனாகிறான். கரிசல் மண் இத்தகைய உபாதிகள் நிரம்பியது. அதன் மிக நுண்ணிய களித் துகள்கள் தம் மேற்பரப்பில் ஒரு மெல்லிய நீர்ப்படலத்தை இறுகப் பற்றிக்கொள்கின்றன. அந்த நீர் தளர்ந்த நீரைப்போல் மின்புலத்துக்கு இசைந்து திரும்பாது. எனவே உள்ள நீர் இல்லாததுபோல் தோன்றுகிறது. மண்ணில் உப்பு ஏறியிருந்தாலோ, குறைந்த அதிர்வெண்ணில் வேலை செய்யும் விலை மலிந்த சென்சார்கள் உப்பையும் நீராக எண்ணிவிடுகின்றன. இல்லாத நீர் உள்ளதுபோல் தோன்றுகிறது. கோடையில் கரிசல் வெடித்துப் பிளக்கும்போது கம்பியை ஒட்டி ஓர் இடைவெளி விழுந்துவிட்டால், கருவி மண்ணைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு காற்றைப் பற்றிப் பேசுகிறது. ஆணவமும் கன்மமும் மாயையும் உடன்நிற்க உயிர் ஒன்றை மற்றொன்றாக அறிகிறது என்று சைவ சித்தாந்திகள் சொல்வதையும், சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்று அவர்கள் வற்புறுத்துவதையும் நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, உப்பு மண்ணில் கிடக்கும் ஒரு கருவி தான் சார்ந்த உப்பையே நீராகக் கூறுவது சிந்தனைக்கு நல்ல இடமாகும்.

அளவுத்திருத்தம் செய்கிறவர், சென்சாரைப் பதித்த இடத்தின் அருகே, அதே ஆழத்தில், 100 கன சென்டிமீட்டர் கொள்ளும் எஃகு வளையத்தை மண் கலையாமல் இறக்கி, அதில் நிரம்பிய மண்ணை இருபுறமும் கத்தியால் சீவி, ஈரம் ஆவியாகிப் போகாதபடி மூடி எடுத்துவந்து நிறுக்கிறார்; பின்பு 105 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள உலர்த்தும் அடுப்பில் 24 மணி நேரம் வைத்திருந்து மீண்டும் நிறுக்கிறார். முதல் எடை 168 கிராம், உலர்ந்த எடை 132 கிராம் என்று வைத்துக்கொள்வோம். போனது 36 கிராம் நீர். எனவே அந்த மண்ணின் ஈரம் கன அளவில் 36 விழுக்காடு. அந்த வேளையில் சென்சார் 44 என்று காட்டியிருந்தால், 44-க்கு நேரே 36 என்று எழுதிக்கொள்கிறார். தண்ணீர் பாய்ந்து வடிந்தபின் ஒருமுறை, உழுவதற்குப் பதமான நிலையில் ஒருமுறை, மேல்மண் வெளுக்கும்போது ஒருமுறை, பயிர் வாடும் தறுவாயில் ஒருமுறை என்று பல நிலைகளில் இவ்வாறு கண்ட புள்ளிகளின் ஊடே ஒரு கோடு இழுக்கப்படுகிறது; அன்றுமுதல் அந்தச் சென்சாரின் சொல்லை அந்தக் கோட்டின் வழியாகத்தான் கேட்கவேண்டும். நீரை அளக்க வந்தது தானே அளக்கப்படும் பொருளாயிற்று. வாத்ஸ்யாயனர் பொன்னுக்குக் கொடுத்த ஸ்தானம் ஒரு கரிசல் மண்கட்டிக்குக் கிடைத்தது.

அந்தத் தராசுக்கும் அடுப்புக்கும் யார் சாட்சி என்று நாகார்ஜுனர் விடாமல் கேட்பார். கேட்கட்டும், அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போவதில் பயன் உண்டு. தராசை முத்திரை எடைகளால் சோதிக்கிறோம். முத்திரை எடைகளை அந்தந்த நாட்டு மூல எடையால் சோதிக்கிறார்கள். அந்த மூலங்களையெல்லாம் சோதித்தது பாரிஸ் நகரை அடுத்த செவ்ர் என்னும் இடத்தில் காக்கப்படும் பிளாட்டினம்-இரிடியம் உருளை. 1889-இல் அது உலகத்தின் கிலோகிராமாக ஏற்கப்பட்டது. நூறாண்டு கழித்து, 1988 முதல் 1992 வரை நடந்த ஒப்பீட்டில், அந்த மூலத்துக்கும் அதன் பிரதிகளுக்கும் இடையே ஏறக்குறைய 50 மைக்ரோகிராம் அளவுக்கு வேறுபாடு வளர்ந்திருப்பது தெரிந்தது. பிரதிகள் கனத்தனவா, மூலம் இளைத்ததா என்று சொல்ல வழியில்லை. ஏனெனில் அன்று கிலோகிராம் என்பதன் இலக்கணமே அந்த உருளைதான். அது எவ்வளவு தேய்ந்தாலும் ஒரு கிலோகிராமே. உலகம்தான் கனத்துவிட்டதாகச் சொல்லவேண்டும். 2019 மே 20 முதல் உருளையை விடுத்து, பிளாங்கு மாறிலி என்னும் இயற்கை எண்ணுக்கு ஒரு மதிப்பை நிர்ணயித்து, அதிலிருந்து கிலோகிராமைப் பெறுகிறார்கள். அடுப்பின் 105 டிகிரியும் அப்படியே ஓர் உடன்பாடுதான். ஜிப்சம் கலந்த மண்ணை அந்த வெப்பத்தில் வைத்தால் ஜிப்சத்தின் படிகத்துக்குள் இருக்கும் நீரும் வெளியேறி மண்ணின் ஈரக் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால், அத்தகைய மண்ணை அதிலும் குறைந்த வெப்பத்தில் உலர்த்துகிறார்கள். எதை நீர் என்று எண்ணுவது என்பதையே நாம் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இங்கேதான் வேத வாக்கை ஆராய்ந்த மரபினராகிய மீமாம்சகர் எழுந்து பேசுகிறார். அறிவின் பிராமாண்யம், அதாவது அதன் மெய்ம்மை, அதற்கு இயல்பாகவே உள்ளது. அப்பிராமாண்யமே வெளியிலிருந்து வருவது. பிற்பாடு வரும் ஓர் அறிவு முன்னதை மறுத்தாலோ, அறிவை உண்டாக்கிய கருவியில் தோஷம் தெரியவந்தாலோ அல்லாமல் அறிவைச் சந்தேகிக்க நியாயம் இல்லை என்பது அவர்கள் சுவதப் பிராமாண்ய வாதம். குமாரில பட்டர் இதில் உலகியல் அறிந்தவராகப் பேசுகிறார்: மூன்று நான்கு அறிவுகளுக்கு மேல் சோதனை வேண்டியதில்லை என்பது அவர் துணிபு. வயலில் நடப்பதைப் பார்த்தால் அவர் சொல் மெய்தான். சென்சாரைத் தராசு சோதிக்கிறது, தராசை முத்திரை எடை சோதிக்கிறது. அங்கே நின்று, தண்ணீரைத் திறந்துவிடுகிறோம். செவ்ர் வரை போகிறவர் யாரும் இல்லை. நியாய குசுமாஞ்சலி செய்த உதயனரும், சந்தேகத்துக்குத் தன் செயலோடு முரண்படும் இடமே எல்லை என்று கூறி, மறுபக்கத்திலிருந்து ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்து சேர்கிறார். ஆயினும் இருவருக்கும் ஒரு வேற்றுமை உண்டு; அது எனக்குச் சிறியதாகத் தோன்றவில்லை. நையாயிகருக்கு வேதம் நம்பத்தக்க ஒருவர் சொன்னது; மீமாம்சகருக்கோ அது ஒருவராலும் செய்யப்படாதது. செய்தவர் இல்லாததால் செய்தவரின் தோஷமும் இல்லை. தர்மத்தைப் பற்றி அது சொல்வதை மறுக்க வேறு பிரமாணத்துக்கு அதிகாரமும் இல்லை. இந்த நிலை தர்க்கத்தில் அசையாதது. ஆனால் செவ்ர் உருளையின் நிலையும் அப்படித்தான் அசையாமல் இருந்தது. பிழைபட முடியாத ஸ்தானத்தில் ஒன்றை வைத்துவிட்டால், வேறுபாடு தோன்றும்போது மாறியது எது என்று அறியும் வழியையும் நாம் இழந்துவிடுகிறோம். திருத்தப்படக் கூடியதாக இருப்பது பிரமாணத்துக்குக் குறைவு என்று பலர் எண்ணுகிறார்கள். நான் அதை அதன் கௌரவம் என்றே கருதுகிறேன்.

இவ்வளவு சோதித்தபின் கிடைக்கும் 36 என்ற எண் உண்மையானதுதான். ஆனால் பயிருக்கு வேண்டிய உண்மை அதுதானா? கனத்த களிமண்ணில் 20 விழுக்காட்டுக்கு மேல் நீர் இருக்கும்போதே பயிர் வாடி நிற்பதுண்டு. மணலில் அதில் பாதி நீர் இருந்தாலும் பயிர் தளிர்த்து நிற்பதுண்டு. மண் எவ்வளவு நீரை வைத்திருக்கிறது என்பது ஒரு கேள்வி. எவ்வளவு இறுக்கிப் பிடித்துவைத்திருக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டாவதை அளப்பதற்கு, நுண்துளைகள் உள்ள பீங்கான் முனையில் நீர் நிரப்பி, மண் அந்த நீரை உறிஞ்சும் விசையைக் காட்டும் டென்சியோமீட்டர் உண்டு. ஏறத்தாழ 80 கிலோபாஸ்கலுக்கு மேல் காற்று உள்ளே புகுந்து அதன் பேச்சு நின்றுவிடும். வாடல் நிலைக்கு இன்று நூல்கள் கூறும் எல்லையோ 1500 கிலோபாஸ்கல். அமெரிக்காவில் பிரிக்ஸ், ஷான்ட்ஸ் என்னும் இருவர் 1912-இல் அந்த நிலையை ஆராய்ந்தபோது அவர்களுக்குக் கருவியாக இருந்தவை வளரும் செடிகளே. ஈரமான காற்றில் வைத்தும் வாட்டம் தெளியாத செடி எந்த மண்ணில் நிற்கிறதோ, அந்த மண்ணின் ஈரமே எல்லை. அதே 1912-இல் தோன்றிய கோவைக் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தார் பிற்காலத்தில் உருவாக்கிய கைக்கருவி எண் எதுவும் சொல்லாமல் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்ற விளக்குகளால் பேசுகிறது. உழவர் கேட்பது விழுக்காடு அன்று, இன்று தண்ணீர் விடுவதா வேண்டாமா என்பதே ஆதலால், அதற்கு மட்டும் அது விடை கூறுகிறது. பிரமாணத்தால் பொருளை அறிந்து முயல்கிறவனுடைய முயற்சி பலிக்கும்போதே அந்தப் பிரமாணம் பயனுடையது என்று தம் பாஷ்யத்தின் முதல் வாக்கியத்திலேயே வாத்ஸ்யாயனர் வைத்தது எவ்வளவு ஆழ்ந்த முடிவு என்பதை இந்த இடத்தில் உணர்கிறேன்.

இனி, என்னை இந்த விஷயத்தில் இழுத்த கேள்விக்கு வருகிறேன். நம்பிக்கையோடு ஏற்ற ஒரு நூலை, ஓர் உபதேசத்தை, சோதித்துப் பார்ப்பது அபசாரமா? நையாயிகர்கள் வேதத்தின் பிராமாண்யத்தை மீமாம்சகரைப்போல் நிறுவவில்லை. மந்திரமும் ஆயுர்வேதமும் கண்கூடாகப் பலிக்கின்றன. அவற்றைச் சொன்னவர் நம்பத்தக்கவராகிய ஆப்தர். அத்தகைய ஆப்தருடைய வாக்காதலால் வேதமும் பிரமாணம் என்பது அவர்கள் வாதம். ஆப்தருக்கு வாத்ஸ்யாயனர் மூன்று லட்சணங்கள் சொல்கிறார்: பொருளைத் தாமே நேரில் கண்டிருத்தல், உயிர்களிடத்தில் தயை, கண்டதைக் கண்டபடி சொல்லவேண்டும் என்ற விருப்பம். அறிவும் உண்மையும் போதாவென்று நடுவே தயையையும் வைத்தாரே, அந்த ஒரு சொல்லுக்காகவே அந்தப் பாஷ்யகாரரை நான் வணங்குகிறேன்.

இந்த லட்சணங்களைச் சென்சார் செய்தவரிடம் வைத்துப் பார்ப்போம். அவர் தம் கருவியைத் தம் சோதனைச் சாலையில் நேரில் சோதித்தவர்; உழவர் நலம் பெறவேண்டும் என்ற எண்ணம் உடையவர்; தாம் கண்ட எண்களை மறைக்காமல் கருவியோடு அச்சிட்டு அனுப்பியவர். மூன்றும் குறைவின்றி உண்டு. இருந்தும் அந்தக் கருவி கரிசலில் 36-ஐ 44 என்று சொல்லியது. ஏன்? அவர் பொய் சொல்லவில்லை. அவர் சோதித்தது மணற்பாங்கான வேறு மண். அவர் சொன்னது அந்த மண்ணுக்கு முற்றிலும் உண்மை. ஆப்தரின் குற்றமின்மையிலிருந்து வாக்கின் உண்மை கிடைக்கிறது. ஆனால் அந்த வாக்கு எந்த நிலத்துக்கு, எந்த எல்லைக்குள் உண்மை என்பது அதிலிருந்து கிடைக்காது. புள்ளிகள் 15-க்கும் 40-க்கும் நடுவே கிடைத்திருக்க, கோட்டை 60 வரை நீட்டிப் படிப்பவர் எவ்வளவு நேர்மையானவராயினும், நீட்டிய பகுதியில் அவர் சொல்வது துணிபு அன்று, எதிர்பார்ப்பே. ஆயுர்வேதம் பலிப்பதைக்கொண்டு சுவர்க்கத்தைப் பற்றிய வாக்கும் பலிக்கும் என்று கொள்வது, அன்பான எதிர்பார்ப்பாக இருக்கலாம். கண்ட புள்ளிகளுக்கு வெளியே இழுத்த கோடு அது என்பதை நியாய சாஸ்திரம் இன்னும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இதனால் ஆப்தரிடம் வைத்த சிரத்தை குறைகிறதா? எனக்கு அது குறைவதாகத் தெரியவில்லை. கரிசல் உழவர் அளவுத்திருத்தம் செய்வது, கருவி செய்தவரைப் பொய்யர் என்று தூற்றுவதற்காக அன்று. அவர் சொல்லைத் தம் நிலத்தில் பலிக்கச் செய்வதற்காக. நம்பாதவன் கருவியைத் தூக்கி மூலையில் போட்டுவிடுவான்; நம்புகிறவன்தான் வளையத்தையும் தராசையும் எடுத்துக்கொண்டு வெயிலில் போய் மண்ணைத் தோண்டுவான். சைவ சித்தாந்த மரபு இதை நன்கு அறிந்திருக்கிறது. திருவருள் ஒன்றே ஆயினும் அது பதியும் முறையில் மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என்று நான்கு நிலைகள் உண்டென்றும், மாணாக்கனுடைய பக்குவத்தை நோக்கியே ஆசாரியர் தீக்ஷையை வேறுபடுத்துவார் என்றும் அது வகுத்தது. நூல் ஒன்றாயிருக்க, கேட்கும் உள்ளங்கள் செம்மண்ணும் கரிசலும் வண்டலுமாக இருப்பதால், நடுவே ஆசாரியர் ஒருவர் வேண்டியிருக்கிறது. நன்னூலார் நல்லாசிரியருக்கு உவமை கூறும்போது மலையையும் மலரையும் சொன்னதோடு நிலத்தையும் நிறைகோலையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார். பருவத்தையும் முயற்சியையும் பார்த்துப் பயன் தருவது நிலம், ஐயம் தீர உண்மையைக் காட்டுவது கோல். அந்த இரண்டும் ஒரே மனிதரிடம் கூடவேண்டும் என்று இலக்கணம் செய்த பெரியோர் எதிர்பார்த்தது வீண் எதிர்பார்ப்பு அன்று.

சித்தாந்திகள் இன்னும் ஒரு படி உள்ளே போகிறார்கள். சிவஞான சித்தியார் அளவையிலிருந்தே தொடங்குகிறது. காட்சி, கருதல், உரை என்னும் மூன்றையும் ஏற்றுக்கொண்டு, இவை யாவும் துணைகளே, உண்மையில் அளப்பது ஆன்மாவின் சிற்சக்தி என்ற கொள்கையில் நிற்கிறது. பழகிய உழவர் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்தி உருட்டி, விரலிடுக்கில் ஒட்டுவதையும் உதிர்வதையும் பார்த்துப் பதம் சொல்கிறாரே, அந்தக் கை எத்தனையோ பருவங்களின் விளைச்சலையும் சாவியையும் கண்டு திருத்தம் பெற்ற கை. சென்சார் வந்ததனால் அந்தக் கை வேலையற்றதாகிவிடும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. சென்சார் சொல்வதையும் கை சொல்வதையும் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிடும் பழக்கம் இருக்கும்வரை இரண்டும் கூர்மையடையும். ஒப்பிடுவதை நிறுத்திய அன்று, கருவி பழுதானாலும் கை மழுங்கினாலும் அதைக் காட்டித்தர எவரும் இருக்கமாட்டார்கள். மண்ணில் கிடக்கும் கருவி ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக விலகும். உரமும் கிணற்று நீரின் உப்பும் மண்ணையே மாற்றும். ஒருமுறை இழுத்த கோடு என்றைக்கும் போதாது.

எஞ்சி நிற்கும் கடினமான இடம் ஒன்று உண்டு. தாகம் எடுத்தவன் தூரத்தில் கண்டது நீரா கானலா என்பதை அருகே சென்று பருகிப் பார்த்துத் தெளியலாம். வீடுபேறு பற்றிய வாக்கை அவ்வாறு பருகிப் பார்த்துவிட்டு வந்து சொல்வார் இல்லை. யோகக் காட்சி உடையார்க்கு அது கண்கூடு என்று சித்தாந்தம் கூறும். ஆயினும் அவர்களுடைய காட்சியை நம்முடைய தராசில் வைக்க இயலாது. அங்கே நான் செய்யக்கூடுவதெல்லாம், அந்த வாக்கை ஏற்றவர்களிடம் இந்த வாழ்விலேயே தோன்றும் பகுதியை, கோபம் தணிதல், பிற உயிரின் துன்பத்தில் நெஞ்சு இளகுதல், அடியாரைக் கண்டபோது அன்பு பெருகுதல் ஆகியவற்றை, பருவந்தோறும் பார்த்துக்கொண்டிருப்பதுதான். அதற்கு அப்பாலுள்ளதை நம்புகிறேன். அப்பாலுள்ளது என்று தெரிந்தே நம்புகிறேன். அளவுத்திருத்தம் செய்த தாளில் எந்த மண், எந்த ஆழம், எவ்வளவு உப்பு, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று குறித்திருப்பார்கள். நம் பழைய ஆசிரியர்களும் சுருதி இது, யுக்தி இது, அநுபவம் இது என்று பிரித்துப் பேசும் வழக்கத்தை வைத்திருந்தார்கள். இன்றைய சமயச் சொற்பொழிவுகளில் அந்த வழக்கம் அருகி, மூன்றும் ஒரே குரலில் ஒன்றாகக் கலந்து வருகின்றன. மேடையில் பேசுகிறவர் தாம் அநுபவத்தில் கண்டது எவ்வளவு, யுக்தியால் துணிந்தது எவ்வளவு, சுருதியை நம்பி ஏற்றது எவ்வளவு என்று பிரித்துச் சொன்னால், கேட்கிறவர்கள் தத்தம் மண்ணில் அதை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.